சம்பளமே வாங்காத நிர்வாகி

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களின் கைப்பேசிக்கு அந்த அழைப்பு எப்படியும் வந்துசேரும். பெண் குரல், பணிவான பேச்சு. “சார், குழந்தைகள் ஹோம்ல இருந்து பேசுறோம். வீட்ல யாருக்காவது பிறந்தநாள், கல்யாண நாள், திதி ஏதாவது வருதுங்களா?” வருகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல் வந்து விழும். காலை டிபனுக்கு ஒரு தொகை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, வடை பாயசத்தோடு என்றால் கொஞ்சம் கூடுதல். கீழே கியூஆர் கோடு.

வருடத்துக்கு 365 நாள், நாளைக்கு மூன்று வேளை. ஆக 1,095 வேளை. ஓர் இல்லம் ஒரு வருடத்தில் விற்கக்கூடிய முழுச் சாப்பாடு இவ்வளவுதான். அதற்குமேல் ஒன்று விற்றாலும் ஒரே சோற்றுக்கு இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தீபாவளி மதியத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் போட்டி இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை இட்லிக்கு ஆள் கிடைக்காது. “அந்தத் தேதிக்கு ஏற்கெனவே ஒருத்தர் கொடுத்துட்டாங்க, வேற நாள் பாக்கலாமா?” என்று கேட்கும் ஹோம் ஏதோ ஒரு நோட்டுப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுகிறது. எந்தத் தேதி சொன்னாலும் “சரிங்க சார்” என்று பதில் வந்தால், அந்த நோட்டை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. மிஞ்சும் பணம் கரண்ட் பில்லுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போகிறது என்று விளக்கம் வரலாம். அது தவறல்ல. ஆனால் அப்போது ரசீதில் “மதிய உணவு” என்று எழுதக் கூடாது. “பொது நன்கொடை” என்று எழுத வேண்டும்.

நன்கொடை கொடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள். நான் கொடுக்கும் நூறு ரூபாயில் குழந்தைக்கு எவ்வளவு போகிறது? நடத்துகிறவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும்: “ஒரு பைசா சம்பளம் எடுக்கிறதில்லைங்க, எல்லாம் சேவைதான்.” கேட்டவர் மனம் குளிர்ந்து கூட ஐந்நூறு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பென்ஷன் பணத்தையும் பூர்வீகச் சொத்தையும் போட்டு இல்லம் நடத்துகிறவர்கள் இந்தப் புறநகரில் உண்டு; அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் முழுநேரமும் டிரஸ்ட் வேலையே பார்க்கிற, வேறு வருமானம் இல்லாத, நாற்பது வயதுக் குடும்பஸ்தர் சம்பளம் வாங்குவதில்லை என்றால் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும். விடை வேறு வரிகளில் இருக்கக்கூடும். மனைவி பெயரில் உள்ள கட்டடத்துக்கு டிரஸ்ட் தரும் வாடகை. மைத்துனரின் வேனுக்கு மாத வாடகை. மகனுக்கு “ஆலோசகர் கட்டணம்”. நிறுவனருக்கே “மதிப்பூதியம்”. சம்பளம் என்ற தலைப்பில் மட்டும் பூஜ்யம்.

இது சட்டம் அறியாத சூட்சுமம் அல்ல. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 13ஆவது பிரிவில் இதற்கென்றே ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறது. டிரஸ்டை உருவாக்கியவர், அறங்காவலர், பெரிய நன்கொடையாளர், இவர்களுடைய உறவினர்கள் ஆகியோருக்கு டிரஸ்டின் வருமானமோ சொத்தோ போனால் வரிவிலக்குக்கு ஆபத்து. சம்பளம் கொடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. செய்த வேலைக்கு நியாயமான அளவைத் தாண்டக் கூடாது என்கிறது, அவ்வளவுதான். 2022க்குப் பிறகு, அப்படித் தாண்டிப்போன தொகைக்கு 30 சதவீத வரி. அதற்குமேல் அதே தொகையளவுக்கு அபராதம். மறுபடி செய்து மாட்டினால் அபராதம் இரட்டிப்பு. (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றிவிட்டது. ஆடிட்டர்கள் நாக்கில் பழைய எண்களே இருப்பதால் இங்கும் அவையே.)

உறவினர் யார் என்று சட்டம் விளக்கும் பட்டியலைப் படிக்கிறவருக்கு, தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள உத்திரமேரூர் நினைவுக்கு வரலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில், அங்கே கல்லில் வெட்டிய குடவோலை விதிகளைப் பள்ளிப் பாடத்தில் தேர்தல் முறைக்குச் சான்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அதில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல. அவருடைய தகப்பன், மகன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரி மகன் என்று நீளும் உறவுகளின் பெயரையும் இடக் கூடாது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் ஊர்ப்பணத்தைச் செலவிட்ட அந்தச் சபைக்கு, பணம் கசியும் வழி மாப்பிள்ளை வீட்டு வாசல் என்று தெரிந்திருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் பட்டியலிலும் மைத்துனர் இருக்கிறார்.

பட்டியல் ஒன்றுதான், ஆனால் இடம் வேறு. உத்திரமேரூரில் விதி கோயில் சுவரில் இருந்தது, கணக்குக் காட்டாதவன் யார் என்று ஊருக்குத் தெரியும். இன்றைய டிரஸ்டின் ஆடிட் அறிக்கையில், குறிப்பிட்ட அந்த நபர்களுக்கு எவ்வளவு போனது என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குகிறார்கள். வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டினாலோ வெளிநாட்டுப் பணம் வந்தாலோ படிவம் 10பி, மற்றவர்களுக்கு 10பிபி. நிரப்பிய படிவம் வருமான வரித் துறையின் கணினிக்குப் போகிறது. நன்கொடை கொடுத்தவர் அதைப் பார்க்க வழியில்லை.

அமெரிக்காவில் இதே விஷயம் தலைகீழ். அங்கே வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 பொது ஆவணம். தலைமை நிர்வாகி, பொருளாளர், அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் தொகை அச்சாகியிருக்கும். தேவாலயங்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. சேலையூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் தொண்டு நிறுவனத் தலைவரின் ஆண்டுச் சம்பளத்தைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அடுத்த தெரு ஹோமில் யாருக்கு என்ன போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்த தெருவைப் பற்றி விசாரிக்கப் போனால் அது டிரஸ்டா, சொசைட்டியா என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். சொசைட்டி என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வரும். ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். கட்டணம் கட்டி அவற்றைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். டிரஸ்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவாகும், அத்தோடு சரி. அந்தப் பத்திரமும் நிலம், கட்டடம் சம்பந்தப்படாதது என்றால் 4ஆம் புத்தகத்தில் ஏறும். 1, 2ஆம் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 4ஆம் புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மகன் உறுப்பினர் என்று மூன்றே பேரை வைத்து எழுதிய பத்திரத்தை மூன்று லட்சம் கொடுத்தவரும் பார்க்க முடியாமல் போகலாம். ஹோம் தொடங்க நினைப்பவருக்கு எந்த வடிவம் வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை ஆணையர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பொது டிரஸ்டுகளும் அவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கும் சமய அறக்கட்டளைகளுக்கும் அறநிலையத் துறை உண்டு, வக்பு சொத்துகளுக்கு வாரியம் உண்டு. மதம் சாராத டிரஸ்டுகளுக்கு அப்படி ஒருவர் கிடையாது. கோயில் உண்டியலை அதிகாரிகள் முன்னிலையில், கேமரா பார்த்திருக்க எண்ணுகிறார்கள். ஹோமின் கியூஆர் கோடில் விழும் பணத்தை எண்ண யாரும் வருவதில்லை.

விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் சிபிஐ கொடுத்த தகவலே போதும். நாடு முழுவதும் பதிவான தொண்டு நிறுவனங்கள் 30 லட்சத்துக்கு மேல். விவரம் கிடைத்த மாநிலங்களில் பத்தில் ஒன்றுதான் கணக்குத் தாக்கல் செய்திருந்தது. 2017 ஜனவரியில் இவற்றைத் தணிக்கை செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது.

கேள்வி இரண்டில் முதலாவது இன்னும் பாக்கி. நூறு ரூபாயில் எவ்வளவு குழந்தைக்கு? வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் மத்திய அரசு ஒரு எண்ணை வைத்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது. 2020 செப்டம்பர் திருத்தம் அதை 20 ஆக்கியது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நிர்வாகச் செலவு என்றால் என்ன என்று சொல்லும் விதியைப் படித்தால் வேறு காட்சி. தொண்டு நிறுவன மருத்துவமனையின் டாக்டர் சம்பளம், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் எல்லாம் அதில் சேராது. நியாயம்தான், டாக்டர் இல்லாமல் மருத்துவமனை எதற்கு. ஆனால் காலையில் பாடம் எடுத்து மாலையில் ஆபீஸ் பார்க்கும் தாளாளர் எந்தப் பத்தியில் வருவார்? பிள்ளைகளை ஏற்றிவரும் அதே காரில் அவர் ஏர்போர்ட் போனால் டீசல் எந்தத் தலைப்பு? அதைத் தீர்மானிப்பது கணக்கு எழுதுகிறவரின் பேனா. வரம்பை இறுக்க இறுக்க, செலவு குறைவதைவிடத் தலைப்பு மாறுவது சுலபம்.

வேறொரு விதத்திலும் அந்தச் சதவீதம் ஏமாற்றும். கணக்காளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, ஆண்டறிக்கை அச்சடித்து, தணிக்கைக்குப் பணம் கட்டும் நிறுவனத்தின் நிர்வாகச் செலவு கூடுதலாகத் தெரியும். துண்டுச்சீட்டில் கணக்கெழுதும் நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவே இல்லை. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகளே 2013இல் சேர்ந்து ஒரு கடிதம் வெளியிட்டன, நிர்வாகச் செலவுச் சதவீதத்தை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்லாதீர்கள் என்று. அந்தச் சதவீதத்தைப் பிரபலப்படுத்தியதில் அவர்களுக்கே பங்கு உண்டு என்பது வேறு கதை.

நிர்வாகியின் சம்பளமும் அப்படித்தான். அமெரிக்காவின் யுனைடெட் வே அமைப்பின் தலைவர் வில்லியம் அரமோனி 1992இல் பதவி விலகினார். சம்பளமும் சலுகைகளுமாக ஆண்டுக்கு நான்கு லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு மேல் என்று பத்திரிகைகளில் வந்ததும் ஊர் கொதித்தது. ஆனால் 1995இல் அவர் ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றது சம்பளத்துக்காக அல்ல. பயணம், சொந்தச் சுகம் என்று அமைப்பின் செலவில் எழுதிய பில்களுக்காக. வெளியே தெரிந்த தொகை அவரை வெட்கப்படத்தான் வைத்தது. சிறைக்கு அனுப்பியது சம்பளப் பட்டியலில் இல்லாத தொகை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2024 ஜனவரியில் ரத்தானது. அதற்கு முன், 2017இல், அமெரிக்காவின் கம்பேஷன் இன்டர்நேஷனல், தான் ஆதரித்து வந்த ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளை விட்டுவிட்டு இந்தியாவிலிருந்து வெளியேறியது. சென்னையில் இருந்த கருணா பால் விகாஸ் அதன் முக்கியக் கரங்களில் ஒன்று. மதமாற்றக் குற்றச்சாட்டு, அதற்கு மறுப்பு, அரசியல் என்று இவற்றைப் பற்றிப் பேச நிறைய உண்டு. நன்கொடையாளர் பார்வையில் முக்கியமானது ஒன்றுதான். உரிமத்தைக் கொடுக்கவும் பறிக்கவும் தேவையான கணக்கு முழுவதும் அரசிடம் இருக்கிறது, மக்களிடம் இல்லை. 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளைத் தன் இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டது. காலாண்டுக்கு ஒருமுறை வரவை வெளியிட வேண்டும் என்ற விதியும் அதே மாதத்தில் போனது. தொண்டு நிறுவனங்களை இறுக்கிப் பிடிப்பதாகச் சொன்ன அரசு, பொதுமக்கள் எட்டிப்பார்க்கும் சன்னலை மூடியது விந்தைதான்.

பணத்துக்காவது ரசீது உண்டு. பொருளுக்கு? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றில் மூழ்கின. மாநிலமெங்கும் இருந்து லாரி லாரியாக அரிசி, போர்வை, பிஸ்கட், சானிட்டரி நாப்கின். நிவாரணப் பொட்டலங்களில் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள் என்று எழுந்த சண்டை இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஸ்டிக்கரைப் பற்றிப் பேசிய அளவுக்கு, வந்த போர்வைகள் எத்தனை, கொடுத்தவை எத்தனை, எந்தக் கிடங்கில் மிச்சம் என்று யாரும் பேசவில்லை. வெள்ளம் வடிந்தபின் கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயல்போல் தோன்றும். 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே தெருக்களுக்கு அதே லாரிகள் வந்தன.

கேட்கிறவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் இல்லாமல் இல்லை, பாதைதான் நீளம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து செல்வந்தரான பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதிவைத்தது ஒரு லட்சம் வராகன் என்பார்கள். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களின் கையில் அது சிக்கிச் சீரழிந்து, வழக்குகள் பல பத்தாண்டுகள் நடந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியால் நீதிமன்றத்தின் மூலம் மீண்டது. மீண்ட பணத்தில் 1842இல் தொடங்கிய பள்ளிதான் பின்னால் பச்சையப்பன் கல்லூரியானது. அந்த மரபின் தொடர்ச்சி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. ஒரு பொது டிரஸ்டில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியுடன், கணக்குக் கேட்டும் அறங்காவலரை நீக்கக் கேட்டும் வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரர்கள் என்றால் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். பிறந்தநாள் சாப்பாட்டுக்கு இரண்டாயிரம் கொடுத்தவர் அதுவரை போகமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஹோம் நடத்துகிறவர் உட்பட. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனம் என்றால் இன்னொரு வழி உண்டு. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; பத்து ரூபாயில் மனுப் போட்டுப் பார்க்கலாம்.

தானாக முன்வந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கிரெடிபிலிட்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு தன் உறுப்பினர்களுக்கு வகுத்த நெறிகளில், தலைமை நிர்வாகியின் சம்பளம், அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியரின் தொகை, குறைந்த சம்பளம் வாங்குபவரின் தொகை, நிர்வாகக் குழுவினருக்குக் கொடுத்தது ஆகியவற்றை ஆண்டறிக்கையில் அச்சிடச் சொல்கிறது. அதில் கவனிக்க வேண்டியது மேல்முனையைவிடக் கீழ்முனை. இரவெல்லாம் கண்விழித்துப் படுக்கை மாற்றும் ஆயாவுக்கு என்ன தருகிறார்கள் என்பது ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். தலைவருக்கு மாதம் அறுபதாயிரம் சம்பளம் என்று வெளிப்படையாக எழுதி, அதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கும் நிறுவனம், சம்பளமே இல்லை என்று சொல்லும் நிறுவனத்தைவிட நம்பத்தக்கது. முதலாவதில் விவாதிக்க ஓர் எண்ணாவது இருக்கிறது.

நேரில் போகிறவர்கள் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ஆபீஸ் அறையில் பத்து நிமிடம் உட்காரலாம். குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டப்படியான பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்க வேண்டும். அதில் எழுதிய எண்ணிக்கையும் சாப்பிட உட்காரும் தலைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆடிட்டர் தேவையில்லை. பிறகு கடைசியாகத் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேட்க வேண்டும். இடப்பக்கம் செலவு. அரிசி, காய்கறிக்கு அடுத்து வாடகை என்று இருந்தால், கட்டடம் யாருடையது? வாகனச் செலவு இருந்து சொத்துப் பட்டியலில் வாகனம் இல்லை என்றால், ஓடுவது யார் வண்டி? டெலிகாலர் சம்பளமும் கமிஷனும் எந்தத் தலைப்பில்? செலவைவிட வரவு ஆண்டுதோறும் மிஞ்சினால், மிச்சம் வங்கியிலா, நிலமாகவா, நிலம் என்றால் யார் பெயரில்? கேட்டதும் முகம் சுளிக்காமல் ஃபைலை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. கேள்வி கேட்கும் நன்கொடையாளரே வருவதில்லை என்று அவர்களே குறைப்பட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்றும் கைநழுவிக்கொண்டிருக்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்குமேல் கொடுத்தால் 80ஜி வரிக்கழிவு கிடையாது என்பதால், கழிவு வேண்டியவர்கள் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது கேட்டு வாங்கினார்கள். புதிய வரிமுறையில் 80ஜி கழிவே இல்லை. அதற்கு மாறிய சம்பளக்காரருக்கு ரசீது வெறும் காகிதம், கேட்பதையே விட்டுவிடுகிறார். கணக்கில் வராத நன்கொடை இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

80ஜி அனுமதி உள்ள நிறுவனம் தனக்கு வந்த நன்கொடைகளின் பட்டியலைப் படிவம் 10பிடியில் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். கொடுத்தவருக்குப் படிவம் 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும். அந்தத் துறையின் கணினியே எண் போட்டுத் தருவது அது, ஹோமில் அச்சடித்த ரசீதுப் புத்தகம் அல்ல. இரண்டுக்கும் கடைசி நாள், நிதியாண்டு முடிந்த பின் வரும் மே 31. வரிக்கழிவு வேண்டாதவர்களும் கேளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு போன் போட்டு, “என் பத்தாயிரத்துக்கு 10பிஇ இன்னும் வரலையே” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.